இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

இது நடந்தது. கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில், 2024 ஜூலை மாதம், பட்டப்பகலில் நடந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும், நாய் ஊளையிட்ட பிறகுதான் வரும் என்று நினைப்பவர்கள் இதை இத்தோடு மூடி வைத்துவிடலாம். இது மத்தியானம் இரண்டு மணிக்கு வந்தது. நாலு மணிக்கு வந்தது. கடிகாரம் பார்த்து வந்தது.

அதோடு ஒரே அறையில் நின்றவள் சர்மிளா. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். முப்பத்து மூன்று வயது. பயந்த சுபாவம் கிடையாது, கோபக்காரி. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கும். அது பயத்தில் நடுங்குவது இல்லை.

அம்பிட்டியவில் மேட்டுப் பாதை ஒன்றின் முடிவில் ஒரு பழைய பங்களா. ஒரு சிறிய கிறிஸ்தவ சபை அதில் இல்லம் நடத்தியது. எழுந்து நடமாட முடியாத பெண்களுக்கான இல்லம். பெயர் வேண்டாம். பின்பக்கத்து நீண்ட கூடத்தில் ஐந்து இரும்புக் கட்டில்கள், ஐந்து பெண்கள். கூடத்தின் கோடியில் ஒரு சிறிய அறை இருந்தது. அது எப்போதும் பூட்டியே கிடக்கும். பழைய சாமான் போட்டிருக்கிறது என்றார்கள்.

இப்படிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். திருப்பாமல் விட்டால் உடம்பின் பாரமே உடம்பை அழுத்தும். இடுப்பில் தோல் சிவக்கும், கறுக்கும், பிறகு பிளக்கும். அந்தப் புண் உள்ளே எலும்பு வரைக்கும் போகும். அதனால் ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஒரு தாள் தொங்கியது. என்ன நேரம், எந்தப் பக்கம், யார் கையெழுத்து. கடைசியில் குறிப்பு எழுத ஒரு சின்ன இடம்.

சர்மிளா அங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பகல் ஒரு மணி தொடக்கம் ஏழு மணி வரை அவள் முறை. காலை முறை கலாராணி அக்காவுடையது. பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர் கலாராணி. சபையில் ஜெபம் நடத்துகிறவர். தினமும் காலையில் கூடத்தின் நடுவே நின்று, கையைத் தூக்கி, "எங்க ஒவ்வொரு அசைவையும் பாக்குற ஆண்டவரே" என்று தொடங்கினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். சர்மிளாவுக்கும் முதல் வாரம் கலங்கியது.

ஜூலை 8, திங்கட்கிழமை. பகல் 1.05.

சர்மிளா உள்ளே வரும்போது கலாராணி பேனையோடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தார். ஐந்து தாளிலும் இரண்டு மணி, நாலு மணி, ஆறு மணி எல்லாவற்றுக்கும் கையெழுத்து விழுந்திருந்தது.

"அக்கா, மணி இன்னும் ரெண்டு கூட ஆகலையே."

"தெரியும்."

"ஆறு மணி வரைக்கும் போட்டிருக்கீங்க."

"ஒனக்கு வேல மிச்சம்தானே. யாரு வந்து பாக்கப் போறா?"

"திருப்பாட்டி புண்ணு வந்துரும்க்கா."

"கர்த்தர் பாத்துக்குவாரு. மூணு வாரத்துல நீ டாக்டராயிட்டியா?"

கலாராணி கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். சர்மிளாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஒருவர் வந்து பார்த்தால்தான் செய்வது, பார்க்காவிட்டால் கர்த்தர் தலையில் கட்டிவிடுவதா? அந்தக் கோபத்திலேயே சரியாக இரண்டு மணிக்கு ஐந்து பேரையும் தனி ஆளாகத் திருப்பினாள். உடம்புக்கு அடியில் போட்டிருக்கும் விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்து, சரித்து, முதுகுக்குத் தலகணி வைத்து... இரண்டு பேர் செய்கிற வேலை அது. ஐந்தாவது கட்டிலில் அவள் இடுப்பில், நாரியில் ஏதோ பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு நல்ல மழை. நாரி வலி குறையவில்லை. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். சுவரில் மணி 4.00 காட்டியது.

எழும்ப வேண்டும். எழும்பவில்லை.

தாளில்தான் கையெழுத்து இருக்கிறதே என்று ஒரு நினைப்பு வந்தது. இவ்வளவு நேரம் யாரைத் திட்டினாளோ, அவருடைய நினைப்பு. ஒரு தடவைதானே. இன்னும் ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாள்.

4.02.

க்ரீச்...

கூடத்திலிருந்து வந்தது. கட்டில் கம்பி நெளியும் சத்தம். பிறகு விரிப்பு மெத்தையில் இழுபடும் சத்தம். சர்ர்ர்...

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடியும் க்ரீச்... சர்ர்ர்...

கலாராணி திரும்பி வந்து வேலையைச் செய்கிறார் போல என்று சர்மிளா நினைத்தாள். வெட்கமாக இருந்தது. ஐந்து தடவை அந்தச் சத்தம் கேட்டது. பிறகு மழைச் சத்தம் மட்டும்.

4.20க்குக் கூடத்துக்குப் போனாள். ஐந்து பேரும் வலப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். முதுகுக்குத் தலகணி. முழங்காலுக்கு நடுவே மடித்த துவாய். அவளை விட நேர்த்தியான வேலை. ஆனால் கூடத்தில் யாரும் இல்லை. வாசலில் ஈரச் செருப்பு இல்லை. கலாராணிக்குப் போன் எடுத்தாள். மறுமுனையில் பஸ் ஹோர்ன் சத்தம். அவர் மூன்று மணியிலிருந்து கண்டி டவுனில் நின்றார்.

மூன்றாவது கட்டிலில் றம்லத் விழித்திருந்தார். டவுனில் தையல் கடை வைத்திருந்தவர். மாடிப்படியில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். மூளையும் வாயும் மட்டும் முன்னை விடக் கூர்மை.

"புள்ள, இப்பதானே திருப்பிட்டுப் போன. திரும்ப என்னத்துக்கு வந்த?"

"நான் வரலையே ஆன்ட்டி."

றம்லத் கண்ணை உருட்டிக் கூடத்தைப் பார்த்தார்.

"அப்ப யாரு ஏன்ட கன்னத்துக்குக் கீழ தலகணி வெச்ச? கை ஐஸ் மாதிரி ஈந்திச்சே."

சர்மிளா அந்தத் தலகணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஒண்ணு சொல்றன் புள்ள. அவ்வளவு கிட்ட குனிஞ்சா மூச்சு மூஞ்சில படும்தானே? படல்ல."

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது சர்மிளா தாள்களைப் பார்த்தாள். நாலு மணி, வலப்பக்கம், கையெழுத்து. தாளில் இருந்தது உண்மையாகிவிட்டது. அவள் ஒன்றையும் வெட்டவில்லை, யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் பிறகு அவளைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை அவளே திருப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. புதன்கிழமையும் அப்படித்தான். ஆள் வேலையைச் செய்தால் அது வருவதில்லை என்று அவளுக்குப் பிடிபட்டது. மனம் பொறுக்காமல் கலாராணியிடம் சொன்னாள். கேட்ட கணத்தில் கலாராணியின் முகம் வெளிறியது. அவர் கண் பூட்டிய அறைப் பக்கம் போய் வந்தது. ஒரு கணம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஜூலை 14, கலாராணி சபையில் எழுந்து சாட்சி சொன்னார். நம்முடைய இல்லத்துக்குத் தேவதூதர் வருகிறார். நாம் சோர்ந்து போகும் வேளையில் அவர் வந்து நோயாளிகளைத் தாங்குகிறார். சபை எழுந்து நின்று கை தட்டியது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பின்வரிசையில் இருந்த சர்மிளா பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எழுந்து நின்று, அக்கா சோர்ந்து போகவில்லை, டவுனுக்குப் போனார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்று கேட்பார்கள். நான் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் கலாராணி நோயாளிகளைத் தொடுவதையே விட்டுவிட்டார். காலை முறை முழுக்க வெளி விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பார்.

"அவரு செய்யட்டும் சர்மி. நாம ஜெபத்துல இருப்போம்."

"அந்த ஒடம்புகளுக்கு வலிக்கும்க்கா. அதுக்குத்தானே நாம இருக்கோம்?"

"ஒனக்கு விசுவாசம் பத்தாது."

ஜூலை 18, வியாழக்கிழமை. ஹந்தானையிலிருந்து இறங்கிய பஸ் பழுதாகி நின்றுவிட்டது. சர்மிளா இல்லத்துக்குள் நுழையும்போது 2.01. கலாராணி போய்விட்டிருந்தார். மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் ஜன்னல் வழியாகக் கூடத்துக்குள்ளேயே வந்திருந்தது. தாள்களில் இரண்டு மணிக் கையெழுத்து இருந்தது. முதல் கட்டில் பெண் தாளில் பன்னிரண்டு மணிக்கு எழுதியிருந்த அதே பக்கத்தில் கிடந்தார்.

சர்மிளா கையைக் கழுவிக்கொண்டு அவசரமாக முதல் கட்டிலுக்கு வந்தாள். விரிப்பின் ஓரத்தைப் பிடித்தாள்.

க்ரீச்...

ஐந்தாவது கட்டில்.

அவள் தலையைத் தூக்கினாள். ஐந்தாவது கட்டிலின் மெத்தை ஒரு ஓரத்தில் அமுங்கியிருந்தது. யாரோ முழங்காலை ஊன்றியது போல. விரிப்பு தானாக இறுகியது. படுத்திருந்த பெண் மெதுவாக, மிக மெதுவாகச் சரிந்தார். தலகணி நகர்ந்து முதுகுக்குப் போனது.

பக்கத்தில் யாரும் இல்லை.

நாலாவது கட்டில். க்ரீச்... சர்ர்ர்...

சர்மிளா விரிப்பை விடவில்லை.

மூன்றாவது கட்டில். றம்லத் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

இரண்டாவது கட்டில்.

பிறகு... நிசப்தம்.

வெறுங்கால் சத்தம். சிமெந்துத் தரையில், ஈரக் காலை இழுத்து இழுத்து. அவளை நோக்கி வந்தது. கட்டிலின் அந்தப் பக்கத்தில் நின்றது.

வாடை வந்தது. பழைய புண்ணின் வாடை.

சர்மிளா விரிப்பின் இந்த ஓரத்தைப் பிடித்திருந்தாள்.

அந்த ஓரம் மேலே எழுந்தது.

எழுந்து... நின்றது. காத்துக்கொண்டு நின்றது.

அவள் இழுத்தாள். அந்தப் பக்கம் தூக்கிக் கொடுத்தது. முதல் கட்டில் பெண் நோகாமல் திரும்பினார். விரிப்பு கீழே விழுந்தது. கால் சத்தம் கூடத்தின் கோடிக்குப் போனது. கதவு திறக்கிற சத்தம் இல்லை.

2.08.

அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பயம் இருந்தது. அதை விடப் பெரிதாக ஒரு ஆத்திரம் இருந்தது. அதைத் தேவதூதர் என்று சொல்லிக் கை தட்டினார்களே! அது தூதரும் இல்லை, ஒன்றும் இல்லை. புண்ணோடு நடந்து வந்து, மற்றவர்களின் வேலையைச் செய்துவிட்டுப் போகிற ஒரு ஆள்.

ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 3.50க்குக் கொழும்பிலிருந்து ஒரு வேன் வந்தது. பதினொரு பேர். தேவதூதரின் கிரியையைப் பார்க்க வந்தவர்கள். வெள்ளைச் சேலையில் கலாராணி. பக்கத்தில் பாஸ்டர். கூடத்தின் ஜன்னல் சீலைகளை இழுத்து மூடினார்கள். யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்றார் கலாராணி. வேன் வருவதற்கு முன், இரண்டு மணிக்கும் அவர் யாரையும் திருப்ப விடவில்லை. சர்மிளா உள்ளே போகப் பார்த்தபோது பாஸ்டர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"இன்னைக்கு மட்டும் பொறுத்துக்குங்க சிஸ்டர்."

கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் நடையில் நின்றார்கள்.

4.00.

க்ரீச்... சர்ர்ர்...

யாரோ விம்மினார்கள். யாரோ முழங்காலில் நின்றார்கள். கலாராணி இரண்டு கையையும் உயர்த்தினார். சர்மிளா எண்ணினாள். இரண்டு... மூன்று... நாலு...

ஐந்து.

"ஸ்தோத்திரம்!" என்றார் பாஸ்டர்.

க்ரீச்...

ஆறு.

வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே எத்தனை கட்டில் என்று அவர்கள் எண்ணியிருக்கவில்லை. கலாராணிக்குத் தெரியும். உயர்ந்த கைகள் மெல்லக் கீழே இறங்கின.

க்ரீச்...

அது கூடத்தின் கோடியிலிருந்து வந்தது. இழுபடும் சத்தம் இல்லை. கம்பி மட்டும். க்ரீச்... க்ரீச்... வேகமாக. யாரோ தன்னைத் தானே திருப்பிக்கொள்ளப் பார்க்கிறார்கள். முடியவில்லை. மறுபடி பார்க்கிறார்கள். முடியவில்லை.

க்ரீச் க்ரீச் க்ரீச்...

சர்மிளாவுக்கு அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது.

"தூதர் இல்ல!" என்று கத்தினாள். "நாங்க யாரும் இவங்களத் திருப்புறதில்ல. தாள்ல கையெழுத்துப் போட்டுட்டு டவுனுக்குப் போறோம். நானும்தான்! எட்டாந் தேதி நாலு மணிக்கு நான் குசினியில குந்தித் தேத்தண்ணி குடிச்சேன். யாரும் பாக்கலன்னு குடிச்சேன். நாம செய்யாத வேலைய உள்ள யாரோ செய்றாங்க. அதுக்கு நீங்க கை தட்டுறீங்க!"

"சிஸ்டர், வெளிய போங்க" என்றார் பாஸ்டர்.

"போறேன். மொதல்ல அந்தக் கோடி அறையத் தெறக்கச் சொல்லுங்க."

"சாவி இல்ல" என்றார் கலாராணி. சாவிக்கொத்து அவர் இடுப்பில் தொங்கியது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

4.11க்கு அறையைத் திறந்தார்கள்.

சத்தம் நின்றது.

உள்ளே ஒரு இரும்புக் கட்டில். தும்பு மெத்தை. விரிப்பு இல்லை. அறை முழுக்கத் தூசி. மெத்தையில் மட்டும் ஈரம். இரண்டு தோள். நடு இடுப்பு. இரண்டு குதிகால். ஒரு ஆள் மல்லாக்கக் கிடந்தால் எங்கெங்கே அழுத்துமோ, அங்கெல்லாம்.

மஞ்சள் ஈரம்.

வாடையில் ஒரு பெண் வாந்தி எடுத்தார். கால் மணித்தியாலத்தில் வேன் போய்விட்டது.

அன்று மாலையே பாஸ்டர் சர்மிளாவைக் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார். சபையின் சாட்சியைக் கெடுத்துவிட்டாளாம். கலாராணியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அறையைக் கழுவி மறுபடி பூட்டினார்கள். சர்மிளா ஆறு மணிக்கு ஐந்து பேரையும் திருப்பினாள். வேலை போன பிறகு செய்த வேலை அது. எட்டாந் தேதித் தாள்கள் ஐந்தையும் தேடி எடுத்து, நாலு மணியை வெட்டி, "திருப்பவில்லை. சர்மிளா" என்று எழுதினாள். அதை யாரும் வாசிக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். எழுதினாள்.

றம்லத்திடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் ஒருவரைக் கொண்டு தன் நானாவுக்கு, அண்ணனுக்கு, போன் எடுப்பித்து, தன்னை வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லியிருந்தார்.

"நான் இங்க வந்த புதுசில அந்த ரூம்ல ஒரு பொம்புள ஈந்தா புள்ள" என்றார். "ராக்கம்மான்னு பேரு. புண் வாடை அடிக்கிதுன்னு தனியாப் போட்டாங்க. திருப்பி வுடுங்க, திருப்பி வுடுங்கன்னு கத்துவா. பொறகு ஒரு நாள் கத்தல்ல. சொகமாயிட்டா, தூங்குறான்னு சொன்னாங்க. ஏன்ட வாயால ஒண்ணும் கேக்காம ஈந்துட்டன். மகள் கம்பளை மார்க்கட்ல மரக்கறி விக்கிறாவாம்."

ஆகஸ்ட் முதல் வாரம் சர்மிளா கம்பளைக்குப் போனாள். மகள் பெயர் தர்ஷிகா. சாக்கு விரித்து லீக்ஸும் கரட்டும் அடுக்கியிருந்தாள். இல்லத்தின் பெயரைச் சொன்னதும் அவள் கண் மாறியது.

"எதுக்கு வந்தீங்க? மறுபடி ஜெபம் பண்ணவா?"

"இல்ல தங்கச்சி. நான் அங்க வேல செஞ்சேன். ஒங்க அம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு கேக்க வந்தேன்."

வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. தர்ஷிகா பக்கத்துக் கடைக்காரரிடம் சாக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அலுமாரியிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்தாள்.

2022 செப்டம்பர் 12, திங்கட்கிழமை காலை ராக்கம்மா அப்போதுதான் இறந்ததாக இல்லத்திலிருந்து போன் வந்தது. ஆஸ்பத்திரியில் பிரேதத்தைப் பார்த்த டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரமே உயிர் போயிருக்கிறது, முதுகில் எலும்பு தெரிகிறது என்றார். தர்ஷிகா பாஸ்டரிடம் போய்ச் சத்தம் போட்டாள். அவர் கண்ணீர் விட்டு ஜெபித்தார். பெட்டி வாங்கிக் கொடுத்தார். நாங்கள் நன்றாகத்தான் பார்த்தோம், இதோ ஆதாரம் என்று கட்டிலில் தொங்கிய தாள்களையும் அவள் கையில் கொடுத்தார்.

"எனக்கு அவ்வளவா வாசிக்கத் தெரியாதுக்கா" என்றாள் தர்ஷிகா. "நீங்க வாசிச்சுச் சொல்லுங்க."

சர்மிளா வாசித்தாள். சனிக்கிழமை இரவு எட்டு மணியிலிருந்து திங்கட்கிழமை காலை ஆறு மணி வரை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு தடவை கூடத் தவறவில்லை. மூன்று பேருடைய கையெழுத்து மாறி மாறி இருந்தது. மூன்று பேரும் சபையில் முன்வரிசையில் நின்று பாடுகிறவர்கள்.

செத்துக் கிடந்த ராக்கம்மாவைப் பதினெட்டுத் தடவை திருப்பியிருக்கிறார்கள். தாளில்.

கடைசி வரி, திங்கள் காலை 6.00. இடப்பக்கம். கலாராணியின் கையெழுத்து. பக்கத்தில் குறிப்பு எழுதும் சின்ன இடத்தில், அழகான எழுத்தில் இரண்டே சொல்:

"நிம்மதியாகத் தூங்குகிறார்."